உங்களுக்குத் தெரியுமா? வெள்ளெழுத்தைப் படம் பிடித்தவர்கள்

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் பெரும்பங்கு லென்ஸுடையது அல்ல. முன்பக்கம் தெளிந்து நிற்கும் கருவிழிதான் மூன்றில் இரண்டு பங்கு வேலையைச் செய்கிறது. கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டயாப்டர் (பவரின் அலகு) என்றால், அதில் ஏறக்குறைய 43 கருவிழியின் கணக்கு. ஆனால் கருவிழியின் வளைவு மாறாது. தூரத்தில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்த கையோடு உள்ளங்கைச் சில்லறையையும் எண்ண முடிகிறதே, அந்த மாற்றத்தைச் செய்வது உள்ளே இருக்கும் லென்ஸ் மட்டும்தான். வயது ஏற ஏற நம்மைவிட்டுப் போவதும் அந்தத் திறன்தான். அந்த இழப்புக்குத்தான் வெள்ளெழுத்து என்று பெயர்.

●

அந்த லென்ஸின் விட்டம் 9 முதல் 10 மில்லிமீட்டர். இளம் வயதில் அதன் தடிமன் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் என்ற திரைக்குப் பின்னால் அது இருக்கிறது. மருந்து விட்டுக் கண்மணியை எவ்வளவு விரித்தாலும் லென்ஸின் நடுப்பகுதிதான் தெரியும். தசையும் இழைகளும் அதைப் பிடித்திருக்கும் விளிம்பு ஐரிஸின் மறைவிலேயே இருந்துவிடும். கண் எப்படிக் குவிக்கிறது என்ற கேள்விக்கு விடை காண ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆனதற்கு இந்த மறைவு ஒரு முக்கியக் காரணம். நடந்ததெல்லாம் திரைக்குப் பின்னால் அல்லவா நடந்தது!

●

கண் தன் குவியத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை வெறும் ஓர் அட்டையால் நிரூபிக்கலாம். கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற பாதிரியார் 1619இல் எழுதிய நூலில் அந்தச் சோதனை இருக்கிறது. அட்டையில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசித் துளைகள் இடுங்கள். ஒற்றைக் கண்ணால் இரண்டு துளைகள் வழியாகவும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஓர் ஊசியை அருகிலும் இன்னொன்றைத் தள்ளியும் நேர்க்கோட்டில் நிறுத்துங்கள். அருகில் உள்ள ஊசியை உற்றுப் பார்த்தால் தூரத்து ஊசி இரண்டாகத் தெரியும். தூரத்து ஊசியை உற்றுப் பார்த்தால் அருகில் உள்ளது இரண்டாகும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட இதைவிட எளிய கண் சோதனை கிடையாது.

●

தன் கண்ணையே சோதனைக்கூடமாக்கியவர்

அப்படியானால் மாறுவது எது? கருவிழியின் வளைவா, கண்கோளத்தின் நீளமா, லென்ஸின் உருவமா? 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து அறிஞர்கள் இதைப் பற்றிக் கடுமையாக வாதிட்டார்கள். அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோமும் கருவி வல்லுநர் ஜெஸ்ஸி ராம்ஸ்டனும் கருவிழிதான் வளைகிறது என்றார்கள். தாமஸ் யங் என்ற இளைஞர் 20 வயது நிறைவதற்கு முன்பே, லென்ஸ்தான் உருமாறுகிறது என்று எழுதினார். எதிர்ப்பு வந்ததும் அந்தக் கருத்தைக் கைவிட்டார். பிறகு மீண்டும் அதையே கையில் எடுத்து, 1800இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில் கேள்வியை ஏறத்தாழ முடித்துவைத்தார்.

அவர் செய்தது இதுதான். தாவரங்களைப் பார்க்கும் சிறிய நுண்ணோக்கியிலிருந்து ஒரு லென்ஸைக் கழற்றினார். அதைப் பொருத்திய குழியின் விளிம்பை மெழுகால் அடைத்து, உள்ளே தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் தன் கருவிழியைத் தொடும்படி கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கருவிழிக்கு முன்னால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் இருந்தால், கருவிழியின் பவர் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். குளத்தில் முங்கிக் கண் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவது இதனால்தான். கருவிழியை இப்படிக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும் யங்கின் கண்ணால் அருகிலும் தொலைவிலும் மாறி மாறிக் குவிக்க முடிந்தது. ஆகவே கருவிழி காரணம் அல்ல.

அடுத்தது கண்ணின் நீளம். யங் தன் கண்ணை மூக்குப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்கோளத்தின் பின்புறத்தை ஒட்டி ஒரு சாவியின் வளையத்தைச் செருகி அழுத்தினார். அந்த அழுத்தம் பார்வையில் ஓர் ஒளிப்புள்ளியாகத் தெரியும். கண் நீண்டால் அந்தப் புள்ளி பெரிதாக வேண்டும். அது பெரிதாகவில்லை. கண்புரை அறுவையில் லென்ஸை இழந்தவர்களையும் அவர் சோதித்தார். அவர்களால் குவியத்தை மாற்றவே முடியவில்லை. எஞ்சியது லென்ஸ் மட்டும். கேமராவோ ஸ்கேனோ இல்லாத காலத்தில் மெழுகையும் தண்ணீரையும் சாவியையும் கொண்டு ஒவ்வொரு சந்தேகமாகக் கழித்துக் கட்டிய இந்த முறையை, கண் ஆராய்ச்சியின் மிக அழகான சோதனை என்றே நான் மதிக்கிறேன். நம் வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

●

ஒளி அலையாகச் செல்கிறது என்று காட்டியவரும், எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டைப் படிக்க வழி திறந்தவர்களில் ஒருவரும், தன் கண்ணிலேயே சிதறல் பார்வைக் குறையைக் கண்டறிந்து அளந்தவரும் இதே யங்தான்.

●

ஒரு விளக்கு, மூன்று பிம்பங்கள்

லென்ஸ் மாறுகிறது என்று ஊகிப்பது வேறு, மாறுவதைக் கண்ணால் காண்பது வேறு. அதற்கு வழி காட்டியவர் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே. இருட்டறையில் ஒருவரின் கண்ணுக்குப் பக்கவாட்டில் ஒரு விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்தால் அதன் பிரதிபலிப்புகள் பல தெரியும் என்று அவர் 1823இல் எழுதினார். பளிச்சென்று நேராகத் தெரிவது கருவிழியிலிருந்து வருகிறது. மங்கலாக, பெரிதாக, நேராகத் தெரிவது லென்ஸின் முன்பக்கத்திலிருந்து. சிறியதாக, தலைகீழாகத் தெரிவது லென்ஸின் பின்பக்கத்திலிருந்து. நான்காவதாகக் கருவிழியின் உட்பக்கத்துப் பிம்பமும் உண்டு. அதைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

நெதர்லாந்தின் கிராமர் 1850களின் தொடக்கத்தில் இந்தப் பிம்பங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855இல் அவற்றை அளந்தே காட்டினார். சோதிக்கப்படுபவர் தூரத்திலிருந்து பார்வையை அருகில் கொண்டுவந்ததும் நடுவிலுள்ள மங்கல் பிம்பம் சுருங்கியது. லென்ஸின் முன்பக்கம் கூடுதலாகப் புடைத்தால்தான் பிம்பம் சுருங்கும். அதன் வளைவின் ஆரம் சுமார் 10 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை குறைகிறது. கருவிழிப் பிம்பமோ அப்படியே நின்றது.

(நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், தன்னை உருவாக்கிய மூன்று நூல்களில் ஒன்றாக ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியைப் பற்றி எழுதிய நூலைக் குறிப்பிட்டார். ராமனும் கடைசிக் காலத்தில் பார்வையைப் பற்றியே ஆராய்ந்து, 1968இல் ஒரு நூல் வெளியிட்டார்.)

●

தசை இறுகினால் இழை தளரும்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்ன விளக்கம் முதலில் கேட்பவர்களைக் குழப்பும். லென்ஸைச் சுற்றி வளையமாகச் சிலியரி தசை இருக்கிறது. தசைக்கும் லென்ஸுக்கும் நடுவே நுண்ணிழைகள் நாற்புறமும் இழுத்துக் கட்டியிருக்கின்றன. தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வில் இருக்கும், இழைகள் விறைப்பாக இருக்கும், லென்ஸ் தட்டையாக இழுபட்டிருக்கும். அருகில் பார்க்கும்போது தசை சுருங்குகிறது, அதன் வளையம் சிறுக்கிறது. போர்வையை நாலு பேர் நாலு முனையில் இழுத்துப் பிடித்திருக்கும்போது எல்லாரும் ஓரடி முன்னே வந்தால் போர்வை தொய்யுமே, அப்படி இழைகள் தளர்கின்றன. இழுவை விட்டதும் லென்ஸ் தன் இயல்பான உருண்டை வடிவத்துக்குத் திரும்புகிறது. இவ்வளவும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் நடக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். லென்ஸைப் புடைக்க வைப்பது தசையின் பலம் அல்ல, லென்ஸின் மீள்தன்மை. இந்த ஒரு செய்தி தெரிந்தால் பின்னால் வரும் பலவும் தானாகப் புரியும்.

●

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கைப்பேசியைப் படிக்க முடியாமல் தவித்திருக்கிறீர்களா? அந்த மருந்துகள் கண்மணியை விரிப்பதோடு சிலியரி தசையையும் தற்காலிகமாக முடக்குகின்றன. 20 வயதுப் பிள்ளைக்கும் அன்று ஒருநாள் வெள்ளெழுத்து!

●

40 வயதில் தொடங்குவதல்ல

வெள்ளெழுத்து 40 வயதில் வருகிறது என்கிறோம். உண்மையில் குவிக்கும் திறன் சிறுவயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது. நெதர்லாந்தின் டாண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில் வயது வாரியாக இதைக் காட்டினார். அமெரிக்காவின் டுவேன் பிறகு ஆயிரக்கணக்கான கண்களை அளந்து உறுதிசெய்தார். 10 வயதுக் குழந்தைக்குச் சுமார் 14 டயாப்டர் இருக்கும். கண்ணிலிருந்து 7 சென்டிமீட்டரில் எறும்பைப் பிடித்துப் பார்த்தாலும் அதன் கால்கள் அந்தக் குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும். 40 வயதில் 5 அல்லது 6. 50 வயதில் 2 டயாப்டர் இருந்தாலே பெரிது.

பிறகு ஏன் 40 வரை நமக்குத் தெரிவதில்லை? 40 சென்டிமீட்டரில் புத்தகம் படிக்க 2.5 டயாப்டர் போதும். ஆனால் இருப்பதில் பாதியைத்தான் வலியில்லாமல் நெடுநேரம் பயன்படுத்த முடியும். கையிருப்பு 5 டயாப்டருக்குக் கீழே இறங்குகிற அந்த ஆண்டில்தான் நாளிதழ் கைநீளத்துக்குத் தள்ளிப் போகிறது.

●

மருத்துவமனையில் தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணில் பாய்ச்சிப் பார்க்கிறார்களே, அந்தப் பிளவு விளக்கு ஸ்வீடனின் ஆல்வார் குல்ஸ்ட்ராண்ட் உருவாக்கியது. கண்ணின் ஒளியியலுக்காக 1911இல் அவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

●

அந்த ஒளிக்கீற்று லென்ஸைக் குறுக்காக வெட்டிக் காட்டும். ஆனால் சாய்வாக இருக்கும் அந்த வெட்டை முழுவதும் தெளிவாகப் படம் எடுப்பது எப்படி? விடை வந்தது ராணுவத்திலிருந்து. ஆஸ்திரியக் கேப்டன் தியோடர் ஷைம்ஃப்லூக், வானிலிருந்து எடுத்த நிலப்படங்களின் கோணலைத் திருத்துவதற்காக 1904இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். படத்தளத்தைச் சாய்த்தால் சாய்ந்த பொருளும் முழுக்கத் தெளிவாக விழும் என்பது அதன் சாரம். நிலத்துக்காகப் பிறந்த அந்த முறையால் 1970களில் லென்ஸைப் படமெடுத்தார்கள். தெரிந்தது வியப்பு. வயதாக ஆக லென்ஸ் தடித்துக்கொண்டும், மேலும் வளைந்துகொண்டும் போகிறது.

மேலும் வளைந்தால் பவர் கூடி, முதியவர்களுக்கெல்லாம் கிட்டப்பார்வை அல்லவா வந்திருக்க வேண்டும்? வருவதில்லையே! இதை ஆராய்ச்சியாளர்கள் லென்ஸ் முரண் என்று அழைத்தார்கள். லென்ஸின் உள்ளே ஒளியை வளைக்கும் திறன் ஓரத்தில் குறைவாகவும் நடுவில் கூடுதலாகவும் இருக்கிறது. வயது ஏற ஏற அந்த ஏற்றத்தாழ்வு மாறிக் கணக்கைச் சமன்செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் எம்.ஆர்.ஐ. கொண்டு இந்த உட்புற மாற்றத்தையே வரைபடமாக்கினார்கள்.

●

ஐரிஸ் மறைக்கும் விளிம்பை எப்படிப் பார்த்தார்கள்? இயற்கையோ விபத்தோ திரையை விலக்கிவிட்ட கண்களைத் தேடிப் போனார்கள். இங்கிலாந்தின் ஃபின்ச்சம் 1937இல் வெளியிட்ட ஆய்வில் விபத்தில் ஐரிஸை இழந்த ஒருவரின் கண்ணும் உண்டு. நிறமிக் குறைபாட்டோடு பிறந்தவர்களின் ஐரிஸ் ஒளியை உள்ளே விடும். அத்தகைய கண்ணில் 1990களில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சி வீடியோ எடுத்தார்கள். குரங்குகளிலும் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே விடைதான். அருகில் குவிக்கும்போது லென்ஸின் விட்டம் குறைகிறது, தடிமன் கூடுகிறது. அதாவது ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னது சரி.

●

குற்றம் தசையின் மேல் இல்லை

1999இல் அமெரிக்காவில் ஒரு குழு, 22 முதல் 83 வயது வரையிலானவர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்தது. உள்ளே அவர்கள் அருகில் உள்ளதையும் தூரத்தில் உள்ளதையும் பார்க்க, அப்போது கண்ணைப் படம் பிடித்தார்கள். எம்.ஆர்.ஐ.க்கு ஐரிஸ் ஒரு தடையே அல்ல. தசை, லென்ஸின் விளிம்பு எல்லாமே தெரியும். அந்தப் படங்களில் கண்டது: முதியவர்களின் சிலியரி தசையும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அருகில் பார்க்கும்படி மூளை கட்டளையிடுகிறது, தசையும் கீழ்ப்படிகிறது. லென்ஸ்தான் அசையவில்லை.

தசையைச் சுற்றியுள்ள திசுக்களும் வயதோடு இறுகுகின்றன என்பதைக் குரங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. ஆகையால் பழி முழுவதையும் லென்ஸ் மேல் போடலாமா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் ஒன்று தெளிவு. கண் பயிற்சி செய்தால் படிக்கிற கண்ணாடியைத் தூக்கி எறியலாம் என்று சொல்லி வீடியோ போடுகிறவர்கள், பழுதில்லாத தசைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். இறுகிய லென்ஸை எந்தப் பயிற்சியும் இளக்காது. இப்படிச் சொல்லிப் பணம் வாங்குவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

●

லென்ஸ் எவ்வளவு இறுகுகிறது? தானமாகக் கிடைத்த லென்ஸ்களை அளந்தபோது, அதன் நடுப்பகுதியின் விறைப்பு இளமையிலிருந்து முதுமைக்குள் பல நூறு மடங்கு கூடுவது தெரிந்தது. இளமையில் ஓரத்தைவிட நடுப்பகுதி மென்மை. பின்னர் அது தலைகீழாகிறது.

உயிருள்ள கண்ணின் விறைப்பைத் தொடாமலே அளக்கவும் வழி வந்துவிட்டது. ஒரு பொருளுக்குள் ஓயாமல் ஓடும் நுண்ணிய ஒலியலைகளில் ஒளி பட்டுச் சிதறும்போது அதன் நிறம் மிக மிகச் சிறிதளவு மாறும். இதை 1922இல் பிரெஞ்சு அறிஞர் பிரிலுவான் கணித்தார். 1928இல் ராமன் கண்ட விளைவுக்கு நெருங்கிய உறவு இது. ராமன் விளைவில் மூலக்கூறின் அதிர்வு, இங்கே பொருள் முழுவதும் பரவும் அதிர்வு. ஒலி வேகமாக ஓடினால் பொருள் விறைப்பானது என்று பொருள். பாஸ்டனில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் இந்த அடிப்படையில் நுண்ணோக்கி செய்து, 2012இல் உயிருள்ள மனிதக் கண்ணையே அளந்து காட்டினார்கள்.

●

எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் காட்டும், ஆனால் மெதுவாக, சற்றுக் கலங்கலாக. இதற்கு நேர்மாறானது ஓ.சி.டி. என்ற ஒளி ஸ்கேன். 1991இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்தது. கண்ணைத் தொடாமல், கூசவைக்காத அகச்சிவப்பு ஒளியால், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட நுண்ணிய அடுக்குகளையும் பிரித்துக் காட்டும். லென்ஸ் புடைப்பதையே ஓடும் படமாகப் பார்க்கலாம். நம் ஊர்க் கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் பார்க்க இன்று தினமும் பயன்படுவதும் இந்த நுட்பம்தான். ஆனால் இதற்கு ஐரிஸுக்குப் பின்னால் எட்டாது. தெரிந்த நடுப்பகுதியிலிருந்து மறைந்த விளிம்பைக் கணக்கிட்டுக் கொள்கிறார்கள்.

●

லென்ஸின் மையத்திலுள்ள இழைகள் நீங்கள் பிறப்பதற்கு முன்பே உருவானவை. தோல் உரியும், முடி உதிரும். லென்ஸ் எதையும் உதிர்ப்பதில்லை. பழையதன் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மையத்தில் உள்ள கார்பனை அளந்து ஒருவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று 2008இல் டென்மார்க்கில் காட்டினார்கள். அதே வழியில் கிரீன்லாந்துச் சுறாக்களின் லென்ஸை 2016இல் ஆராய்ந்தபோது, அவற்றில் மிகப் பெரியதன் வயது 392 என்று மதிப்பிட்டார்கள். 120 ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம். குறைந்த கணக்கிலும் 272!

●

காங்கோ காட்டில் வாழும் போனபோ குரங்குகளுக்கும் வெள்ளெழுத்து வருகிறது. ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும்போது எடுத்த படங்களில் கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். 40 வயதைத் தாண்டியவை கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துப் பேன் பார்த்தன. 2016இல் வெளியான ஆய்வு இது. கைப்பேசிதான் வெள்ளெழுத்துக்குக் காரணம் என்பவர்கள் இந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்.

●

பெரிய நீர்க்காகம் 50 டயாப்டருக்கும் மேல் குவியத்தை மாற்றும். நீருக்குள் மூழ்கியதும் கருவிழி பவரை இழந்துவிடுவதால், மீனைப் பிடிக்க அவ்வளவையும் லென்ஸே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

●

இத்தாலியின் த்ரெவிஸோ நகரில், மூக்கில் கண்ணாடி வைத்துப் படிக்கும் ஒரு கர்தினாலின் சுவரோவியம் இருக்கிறது. 1352இல் தீட்டியது. கண்ணாடி அணிந்த மனிதரின் ஓவியங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது இதுதான். மனிதன் செய்த முதல் கண்ணாடிகளும் வெள்ளெழுத்துக்கானவையே.

●

கண்ணாடிக்குப் பதில் சொட்டு மருந்து என்ற செய்தி அடிக்கடி வருகிறது. 2021இல் அமெரிக்கா பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு அனுமதி தந்தது. அது லென்ஸை இளமையாக்குவதில்லை. கண்மணியைச் சுருக்குகிறது. துளை சிறியதானால் அருகில் உள்ளதும் ஓரளவு தெளியும். ஊசித்துளை வழியாகப் படித்துப் பாருங்கள், புரியும். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். இந்தியாவில் இதே மருந்துக்கு 2024இல் தந்த அனுமதியை, விளம்பரத்தில் சொன்னவை அனுமதித்த அளவை மீறியதால் அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்தி வைத்தார்கள்.

●

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே படிக்கிற கண்ணாடி தரப்பட்டது, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்தின் எடை, போடாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இது 31.6 சதவீதம். படிக்கிற கண்ணாடி படிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல. ஊசியில் நூல் கோக்கும் தையல்காரருக்கும், பூத்தொடுக்கும் பாட்டிக்கும், அரிசியில் கல் பொறுக்கும் அம்மாவுக்கும் அது வேண்டும். நம் வீடுகளில் ஆண்களுக்கு வாங்கித் தரும் கண்ணாடியைப் பெண்களுக்கு வாங்கித் தர மறந்துவிடுகிறோம்.

●

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸ் நீரை உறிஞ்சியும் விட்டும் கண்ணின் பவரையே மாற்றிவிடும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்துக் கண்ணாடிக்கு அளவெடுங்கள். திடீரென்று கண்ணாடியில்லாமல் படிக்க முடிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். சர்க்கரை ஏறியதாலும் இருக்கலாம், கண்புரை தொடங்கியதாலும் இருக்கலாம். சோதித்துப் பாருங்கள்.

●

நடைபாதையில் விற்கும் பிளஸ் பவர் கண்ணாடி அவசரத்துக்கு உதவும். ஆனால் கண்ணின் அழுத்தத்தை அது அளக்காது, விழித்திரையைப் பார்க்காது. கண் அழுத்த நோய் வலியில்லாமல் வந்து, ஓரப் பார்வையைத் திருடிய பிறகுதான் தெரியவரும். போன பார்வை திரும்பாது. நாளிதழை இப்போது நீங்கள் கையை நீட்டிப் பிடித்திருந்தால், கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் 40 வயதைத் தாண்டிய பெண்களையும் உடன் அழைத்துப் போங்கள்.